குழாய் நீரும் குடும்பத்தின் குரலும்

2024-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் பினாங்கு மாநிலத்தில், முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த நான்கு நாள் நீர்த்தடை தொடங்கியது. சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வு மாற்றும் பணியே அதன் காரணம். அண்டா, வாளி, குடம் என்று அகப்பட்டவற்றிலெல்லாம் இல்லத்தரசிகள் நீர் பிடித்து வைத்தனர். ஒரு வால்வு பழுதானால் ஒரு மாநிலமே ஏன் தவிக்க வேண்டும்? அது நியாயமான வினாவே.

பினாங்கின் நீரில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது மூடா ஆறு என்னும் ஒரே ஆற்றிலிருந்து கிடைக்கிறது. கெடாவில் தோன்றி, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் அந்த ஆற்று நீர், சுங்கை டுவாவில் தூய்மையாக்கப்பட்டுக் கடலடிக் குழாய்களின் வழியே ஜார்ஜ்டவுனை அடைகிறது. தீவிலே ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் இருப்பினும், அவை மட்டும் தீவின் தேவைக்குப் போதா.

இத்தனை தொலைவிலிருந்து வரும் நீரைத்தான் பினாங்கு மக்கள் தாராளமாகச் செலவிட்டு வந்துள்ளனர். 2015 வாக்கில் அங்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 290 லிட்டர் செலவாயிற்று. நாட்டின் சராசரியோ 210 லிட்டர் அளவில்தான் இருந்தது. நீரின் விலை மலிவாக இருந்தது இதற்கு ஒரு காரணம்.

செலவைக் கட்டுப்படுத்த, மாதம் 35,000 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கு 2010 நவம்பரில் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆயினும், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எனப் பத்துப் பேர் வாழும் வீட்டில் 35,000 லிட்டர் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 117 லிட்டர்தான். அது சிக்கனமான குடும்பம். இருவர் மட்டுமே வாழும் வீட்டில் 34,000 லிட்டர் செலவானால் ஆளுக்கு 567 லிட்டர்! ஆனால் எல்லையைத் தாண்டாததால் அவ்வீட்டிற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. மீட்டருக்கு வீடு தெரியுமேயன்றி ஆள் தெரியாது.

இத்தகைய நிலையை எடுத்துச் சொல்லக் குடும்பங்களின் சார்பில் பேசுவோர் வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் மக்களுக்காகக் குரல் கொடுத்து வருகிறது. 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார். நீர்ச் சிக்கனத்தைப் பரப்புவதற்கென்றே 1997-இல் பினாங்கு நீர்க் கண்காணிப்புக் கழகம் தோன்றியது. நீர்ச் சேவைத் தொழில்துறைக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டமும், பயனீட்டாளர் நலன் பேணும் நீர் மன்றத்திற்கு இடமளிக்கிறது.

தோட்டத்து லயத்தில் இருப்போர்க்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமையென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆதலால் நாம் நீர்க் கட்டணச் சீட்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டோம். ஆனால் பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் அச்சீட்டு வருகிறது.

சொட்டின் மதிப்பைப் பால்மரம் வெட்டுபவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் விழும். நான்கு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், அது 21 லிட்டருக்கும் அதிகம்.

இரவு படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் எங்கோ கசிவு உள்ளது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியே குற்றவாளி. மீட்டர் இல்லாத லயங்களில், ஒழுகும் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, அது எத்தனை மணி நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கலாம். அக்கணக்கைத் தேதியுடன் எழுதி, தோட்ட நிர்வாகத்திடமோ தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடமோ கொடுங்கள். ஒரு படியைத் தங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.