காலிப்பரில் எங்கே பெயின்ட் அடிக்கக் கூடாது?

அலாய் வீல் பரவலான பிறகு கார் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. இரும்பு வீலும் அதன் மேல் வீல் கப்பும் இருந்த காலத்தில் கண்ணில் படாத பிரேக் காலிப்பர், இப்போது வீலின் இடைவெளியில் நன்றாகவே தெரிகிறது. கடலோர ஊர் வண்டி என்றால் சில மழைக்காலங்களிலேயே அது செங்காவி நிறத்துக்கு வந்துவிடும். ஒரு ஸ்பிரே டப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வீட்டிலேயே புதுசாக்கிவிடலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அழகுக்காகச் செய்கிற இந்த வேலை, வண்டியை நிறுத்துகிற உறுப்பின் மேல் நடக்கிறது. அந்த உறுப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்க வேண்டும். அதை இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் அதோடு சேர்ந்து சற்றே வளையும். அழுத்தம் விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளி இருந்தால்தான் சக்கரம் தடையில்லாமல் சுற்றும்.

துரு கெடுப்பது இந்த இடத்தைத்தான். இரும்பு துருவாகும்போது, அரிக்கப்பட்ட இரும்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் துரு ஏறினால், அது வளையத்தை பிஸ்டன் மேல் நெருக்கும். பிஸ்டன் பின்வாங்காது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது, ஒரு பேட் மட்டும் சீக்கிரம் தேய்வது எல்லாம் இதன் அடையாளங்கள். வெளியே அடிக்கிற பெயின்ட் இதைச் சரிசெய்யாது. நோயைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. எனவே வீலைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் பூட் எனப்படும் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்பதை. சந்தேகம் வந்தால் டப்பாவை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. இரும்பின் ஒரு புள்ளியில் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இன்னொரு புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. இரண்டையும் இணைப்பது மேலே படிந்த ஈரப் படலம். அதில் உப்பு கரைந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், அரிப்பு வேகமெடுக்கும். பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு தூவும் கனடாவிலும் பிரிட்டனிலும் காலிப்பர்கள் படும் பாடு, நம்மூரில் கடல்காற்றால் வருகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடல்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அலுமினியத்தின் ஆக்சைடு அதன் மேல் இறுக ஒட்டிக் காவல் நிற்கும். இரும்புத் துரு பொருபொருவென்று உதிரும். உள்ளே மறுபடி ஈரம் போக வழிவிடும். ஆகவே துருவின் மேல் அடித்த பெயின்ட் துருவோடு சேர்ந்து கழன்று விழும்.

சுத்தம் செய்வதுதான் வேலையின் பெரும்பகுதி. தட்டையான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரப்படுத்தித் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, கடைசியில் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்.

பிரஷ் எட்டாத குழிகளில் துரு மிச்சமிருக்கும். அங்கே துருமாற்றி திரவம் உதவும். பல திரவங்களில் இருப்பது டானிக் அமிலம். செங்காவித் துருவின் மேல் தடவிச் சற்று நேரம் விட்டால், அது நீலம் கலந்த கறுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். துரு, நீரில் கரையாத இரும்பு டானேட்டாகிறது. கடுக்காயில் ஊறிய துணியின் மேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரைத் தீட்டி கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பை எழுப்புவதும் இதே வேதிவினையால்தான். ஆனால் திரவம் மேல்மட்டத்துக்குத்தான் போகும். பொருக்குத் துருவைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

இனி பெயின்ட். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க அது போதும். அந்தக் காரை நிறுத்தும்போது இவ்வளவும் வெப்பமாகிறது. பெரும்பகுதி டிஸ்க்குக்குப் போனாலும், பேட் வழியாகக் காலிப்பரும் சூடேறும். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் இதைத் தாங்காது. வெப்பம் தாங்கும் பெயின்ட்களில் சிலிக்கோன் பிசின் இருக்கும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு, கார்பன்–கார்பன் பிணைப்பைவிட உறுதியானது; எளிதில் உடையாது. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் உள்ளே சிக்கிய கரைப்பான் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும்.

பெயின்ட் படக்கூடாத இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவதில் அவசரம் வேண்டாம். பேட் உட்கார்ந்து நகரும் தடத்தில் பூச்சு ஏறினால் பேட் சிக்கிக்கொள்ளும். காலிப்பர் நகர உதவும் பின்கள், ரப்பர் பூட், காற்றெடுக்கும் நிப்பிள், டிஸ்க்கின் முகம் எல்லாவற்றையும் மூடுங்கள். பலர் மறந்துவிடுவது ஹப்பும் வீலும் சேரும் தளத்தை. அங்கே அடித்த பெயின்ட் பிறகு நசுங்கி மெலியும்; அந்த அளவுக்கு வீல் நட்டின் பிடி தளரும். பிரேக் ஆயில் ஹோஸைத் தொடவே வேண்டாம். அந்த ஆயில் பட்டால் பெயின்டே உரிந்துவிடும். காலிப்பரை இறக்கினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

சிவப்பு அடித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பதெல்லாம் கிடையாது. என்னைக் கேட்டால் வெளிர்சாம்பல்தான் சிறந்தது. ஆயில் கசிவும் புதுத்துருவும் அதில் முதலிலேயே தெரியும். மழைக்கு மறுநாள் டிஸ்க்கில் படியும் மெல்லிய துருவுக்குப் பயப்பட வேண்டாம். நாலைந்து முறை பிரேக் போட்டால் அது போய்விடும்.

டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, வீலை மாட்டி, நட்டுகளைக் குறுக்குமாறாக முடுக்குங்கள். பிறகு வண்டி ஓர் அடிகூட நகரும் முன், பிரேக் பெடலைப் பல முறை மிதித்துப் பாருங்கள். பெடல் கெட்டியாக நின்றால் ஓட்டலாம். பெடல் கீழே இறங்கினால், பெயின்ட் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், வண்டியை எடுக்காதீர்கள்.