காசநோய் மருந்தும் தைராய்டு சுரப்பியும்

நோய் தீர்க்கும் மருந்தே உடலின் பிறிதோர் உறுப்பைத் தளர்த்துவதும் உண்டு. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் கண்ட சிறார்க்கு எத்தியோனமைடும், 1940களில் சுவீடன் அறிஞர் லேமன் உருவாக்கிய பாஸ் என்னும் மருந்தும் கொடுக்கப்படுவதுண்டு. தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு ஹார்மோன் ஆக்குவதை இவை தடுக்கின்றன; இரண்டும் சேரின் இடர் மிகும். சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைக் காசநோயின் மெலிவென்றே எண்ணிவிடுதல் எளிது. ஆதலின் குருதியில் டி.எஸ்.எச். அளவைக் குறித்த காலங்களில் சோதித்தல் வேண்டும். குறை தெரியின் மருத்துவர் தரும் தைராக்சின் மாத்திரை அதனை ஈடுசெய்யும். அஞ்சிக் காசநோய் மருந்தைத் தாமே நிறுத்தும் பெற்றோர், அடங்கிவரும் நோயை மீண்டும் மூட்டிவிடுவர். சிகிச்சை முடிந்து அம்மருந்துகள் நின்றதும் சுரப்பி பெரும்பாலும் பழைய நிலையை எய்தும்.