பவர் ஸ்டீரிங் ஹோஸின் இறுகிய நட்டைக் கழற்றும் முறை

பவர் ஸ்டீரிங் அமைந்த டிராக்டர்களில், பம்பினின்று எண்ணெயைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ் வெயிலாலும் சேற்றாலும் நாளடைவில் வெடித்துக் கசியத் தொடங்கும். புது ஹோஸின் விலை பெரிதன்று. ஆயினும் உழவு நெருக்கடியில், கைக்கு அகப்பட்ட ஸ்பானரைக் கொண்டு பழைய நட்டைத் திருகி, அதன் மூலைகளை மழுக்கி, பம்பின் மரையையும் கெடுத்துவிடுவோர் பலர். சிறு செலவில் முடியவேண்டிய வேலை பம்பையே மாற்றுவதில் முடிகின்றது.

நட்டு இறுகுவதற்குக் காரணம் துரு மட்டும் அன்று. சேற்றுழவின் நீரும், உப்பு உரங்களின் தூளும் மரையின் இடுக்கில் தங்குகின்றன. பம்பின் உடல் அலுமினியமாயும் நட்டு எஃகாயும் இருப்பின், அவ்வீரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி இரண்டையும் பிணைத்துவிடும். இங்கே முரட்டுப் பலம் சிறிதும் ஆகாது. மென்மையான அலுமினிய மரைதான் முதலில் பெயர்ந்து வரும்.

வேலை தொடங்குமுன் என்ஜினை நிறுத்திச் சூடு ஆறவிட்டு, ஸ்டீரிங்கை இருபுறமும் சில தடவை திருப்பி உள்ளழுத்தத்தை நீக்கல் வேண்டும். இணைப்பைச் சுற்றியுள்ள மண்ணைத் துலக்குதலும் அவசியம். ஒரு சிட்டிகை மணல் உள்ளே சென்றாலும் பம்பு கெடும். பின்னர் துரு இளக்கும் எண்ணெயை மரையின் வாயிலும், நட்டுக்கும் அதனூடே செல்லும் இரும்புக் குழாய்க்கும் இடையிலும் விட்டு, ஓர் இரவு ஊறவிடுக. பலரும் இரண்டாவது இடத்தை மறந்துவிடுகின்றனர். அதனால் நட்டோடு குழாயும் சேர்ந்து முறுகி ஒடிகின்றது.

வாய் திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றுமாதலால் மூலைகள் மழுங்கும். குழாய் நுழையுமளவு ஒரு பக்கம் வெட்டுவிட்ட ரிங் ஸ்பானரே இதற்கு ஏற்றது. பம்பில் பொருந்திய அடாப்டர் இருப்பின் அதனை வேறொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுக. முதலில் இம்மியளவு இறுக்கித் துருவின் பிடியை உடைத்து, அதன்பின் தளர்த்துதல் நன்று. சற்று இளகியதும் முன்னும் பின்னுமாக அசைத்து, எண்ணெய் விட்டு விட்டுக் கழற்றுக. நட்டு தம்மை நோக்கி இராமல் அப்புறம் நோக்கி இருந்தால் கழற்றும் திசை கண்ணுக்கு மாறித் தோன்றும். அதை அறியாது மேலும் இறுக்கியவர் உண்டு.

அலுமினியம் வெப்பத்தில் எஃகைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆதலின் பம்பின் உடல்மேல் கொதிநீரை ஊற்றினால் பிடி தளர்வதுண்டு. வார்ப்பிரும்புப் பம்பில் இதனால் பயன் சொற்பமே. தீச்சுடரை எவ்வகைப் பம்பிலும் காட்டலாகாது. எண்ணெயும் ரப்பரும் பற்றிக்கொள்ளும்.

எதற்கும் மசியாவிடின், புது ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு, பழையதன் குழாயை நட்டின் அருகே அறுத்துவிடுக. குழாய் நீங்கினால் ஆறு மூலையுள்ள பாக்ஸ் ஸ்பானர் நட்டின்மீது முழுதும் அமரும். பெரும்பாலான நட்டுகள் இதற்கு இணங்கும். அறுக்குமுன் அவ்விடத்தில் துணி சுற்றி, தூள் உள்ளே விழாமற் காத்தல் வேண்டும்.

புதியதைப் பொருத்துகையில் முதற் சில சுற்றுகளை விரலாலேயே திருகுக. ஓ-ரிங் அல்லது செம்பு வாஷரைப் புதிதாக இடுக. மரையில் நூலோ நாடாவோ சுற்றவேண்டா. தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி உறுதியான முட்டுக் கொடுத்து, என்ஜினை ஓட்டாமலே ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் பலமுறை திருப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். எண்ணெயில் நுரை தங்கும்வரை காற்றும் தங்கியுள்ளது என அறிக.

கசிவு பார்க்கும்போது விரலால் தடவுவது பெரும் அபாயம். ஓடும் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேலும் ஏறும். ஊசித்துளை வழிப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். ஓர் அட்டைத்துண்டை எட்டப் பிடித்தே சோதித்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்க டிராக்டர்களை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள் ஓட்டுநர்களுக்கு இதனை எடுத்துரைப்பாராக. எண்ணெய் புகுந்த காயம் முள் தைத்தாற்போல் அற்பமாகத் தோன்றும். தொடக்கத்தில் வலியும் குறைவு. உள்ளே தசை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரும். கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்றிராமல், சில மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, அழுத்தத்தில் பாய்ந்த எண்ணெய் உட்புகுந்தது எனத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். எண்ணெய் டப்பாவையும் உடன் கொண்டுசெல்வது மருத்துவருக்கு உதவும்.