பி.ஹெச்டி முடிச்சாச்சு, அடுத்து என்ன? சிவகாசி வெயிலே ஓர் ஆராய்ச்சிதான்!

விருதுநகர் மாவட்டத்துக்காரர் என்றால், உங்களுக்கு வெயிலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விவசாயத்தைக் கைவிட்ட அந்த வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் சிவகாசியில் வளரவைத்தது. மருந்தும் திரியும் காய வெயில் வேண்டும். மழை வந்தால் பயர் ஆபீஸ் வேலை நிற்கும், அன்றைய கூலியும் நிற்கும்.

சரி, பருவமழை தடம் மாறினால்? வெயில் இன்னும் ஏறினால்? தீப்பொறிக்குப் பயந்து மின்விசிறிகூட மாட்டாத மருந்து அறையில் ஒருவர் எத்தனை மணி நேரம் உட்கார முடியும்? இதெல்லாம் வெறும் டீக்கடைப் பேச்சு இல்லைங்க. பருவநிலை, சுற்றுச்சூழல் துறைகளில் போஸ்ட்டாக் ஆய்வுக்கான கேள்விகள்.

போஸ்ட்டாக்னா என்ன?

பி.ஹெச்டி-க்கு மேல் இன்னொரு பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள், ஒரு மூத்த விஞ்ஞானியின் ஆய்வகத்தில் செய்யும் வேலை. பேராசிரியர், விஞ்ஞானி பணிகளுக்கு இது முக்கியமான படிக்கட்டு.

ஊருக்கு என்ன லாபம்?

2018 அக்டோபரில், பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அதற்கான ஃபார்முலா நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'நீரி' ஆய்வு நிறுவனத்தில் இருந்து வந்தது. இதில் நுண்துகள் சுமார் 30% குறைவு. மீதி 70%? அதுதான் அடுத்த ஆய்வாளருக்கான வேலை. ஊர்க்காற்றையும் ஊர்ச்சோற்றையும் ஒருசேர நினைத்துப் பார்க்க, பட்டாசுக் கூலியில் ஃபீஸ் கட்டிப் படித்தவரைவிடப் பொருத்தமானவர் யார்?

எங்கே விண்ணப்பிக்கலாம்?

இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது, மத்திய அரசின் ஏ.என்.ஆர்.எஃப் தரும் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப். முன்பு இதை 'செர்ப்' நடத்தியது. இரண்டு ஆண்டுகள், வயது வரம்பு 35. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி பிரிவினருக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி-யின் திவேச்சா பருவநிலை மையம், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகத்தின் பருவநிலை மாற்ற மையம் ஆகியவை வழிகாட்டியைத் தேடத் தொடங்க நல்ல இடங்கள்.

வெளிநாடு என்றால், ஐரோப்பிய யூனியனின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு பி.ஹெச்டி முடித்து 8 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு 4 ஆண்டுகள்.  விதிகள் மாறக்கூடும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

தீசிஸ் சமர்ப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பிச்சிடுங்க. பிடித்த விஞ்ஞானியின் இரண்டு, மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சோர்ந்துபோகாமல் அடுத்தவருக்கு எழுதுங்கள். 'பணம் கட்டினால் சீட்' என்று வரும் வாட்ஸ்அப் மெசேஜை மட்டும் நம்பாதீங்க.

அந்த மெயிலில், 'நான் சிவகாசிப் பக்கம்' என்று எழுதத் தயங்காதீங்க. அந்த வெயிலை அவர்கள் எண்களில் பார்த்திருப்பார்கள். நீங்கள் அதில் வளர்ந்தவர்!