பசுவின் கிருமியா, ஆட்டின் கிருமியா?

திண்டுக்கல் சமவெளியில் பசுவையும் வெள்ளாட்டையும் ஒரே தொழுவத்தில் கட்டியிருப்பதைக் காணலாம். அங்கே ஏழு மாதச் சினைப்பசு கன்று வீசிவிட்டால் குடியானவனுக்கு ஒரு கன்றும் அந்த ஈற்றுப் பாலும் போயின. இதற்குக் காரணமாகும் நோய்களுள் புருசெல்லோசிஸ் பொல்லாதது. காய்ச்சாத பாலைக் குடிப்பவரையும், இளங்கொடியை வெறுங்கையால் எடுத்தெறிபவரையும் அது பற்றிக்கொள்ளும். விட்டு விட்டு வரும் ஜுரமும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் வாட்டும்.

இக்கிருமியில் ஒரு வகையை 1887-ல் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் கண்டார். அது முக்கியமாக ஆட்டைச் சேர்ந்தது. பசுவைச் சேர்ந்த வகையை 1897-ல் டென்மார்க்கின் பாங் கண்டார். பூதக்கண்ணாடியில் இரண்டும் ஒரே அச்சு. மனிதரை அதிகமாக வருத்துவதோ ஆட்டின் வகைதான். பசுவோடு ஆடும் வாழும் தொழுவத்தில் ஆட்டின் கிருமி பசுவுக்கும் தாவக்கூடும். அப்படியிருக்க, குற்றவாளி யார்?

துப்பறிய வருவது பாக்டீரியோபேஜ். அதாவது கிருமியையே இரையாகக் கொள்ளும் நுண்ணிய வைரஸ். 1915-ல் டுவார்ட்டும் 1917-ல் டெரேலும் இதைப் பற்றி எழுதினார்கள். நம் தேசத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி மடிவதை ஹான்கின் என்பவர் 1896-லேயே எழுதிவைத்தார். அது பேஜின் வேலைதானா என்பதில் மட்டும் இன்றும் வாதம் உண்டு.

பேஜ் கண்ட கிருமியையெல்லாம் தின்னாது. வாய்க்குப் பிடித்ததைத்தான் தின்னும். திபிலிசி நகரின் பெயர் கொண்ட பேஜைக் குறித்த அளவுக்கு நீர்க்கச் செய்து, தட்டில் வளர்த்த கிருமியின்மேல் ஒரு சொட்டு விடுகிறார்கள். ஓரிரு நாளில் சொட்டு விழுந்த இடம் கண்ணாடிபோல் தெளிந்தால் பசுவின் வகை. ஆட்டின் வகையானால் தட்டு கலங்கியபடியே இருக்கும். அப்போது தொழுவத்து ஆடுகளையும் சோதித்தாக வேண்டும்.

இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. வேறு சோதனைகளும் மரபணுப் பரிசோதனையும் கூடவே நடக்கும். தடுப்பூசிக்கான கிருமியும் பசுவின் வகையே. ஆகவே இந்தப் பேஜ் அதையும் தின்றுவிடும். அந்தக் கிருமியின் வரலாறு வேடிக்கையானது. 1923-ல் ஒரு ஜெர்ஸிப் பசுவின் பாலிலிருந்து பக் என்பவர் எடுத்தது. பரிசோதனைச் சாலையில் ஓராண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்து வீரியம் குன்றியது. அதைத்தான் இந்தியாவில் நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுகிறார்கள். உயிருள்ள கிருமியாதலால் சினைப்பசுவுக்குப் போடுவதில்லை. ஊசி போடுபவரும் கையுறை அணிந்துகொள்கிறார்.