உங்களுக்குத் தெரியுமா? மட்டையை வைத்துவிட்டுப் போர் விமானம் ஏறியவர்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் 1941 சீசனில் .406 பேட்டிங் சராசரி வைத்திருந்தார். பேஸ்பாலில் .300 எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்! இரண்டாம் உலகப் போர் அவருடைய மூன்று சீசன்களை விழுங்கியது. அப்போது அவர் விமானப் பயிற்சியாளர், சண்டையில் இறங்கவில்லை. போர் முடிந்தும் விடவில்லை. கொரியப் போருக்காக 1952-ல், 33 வயதில், மீண்டும் அழைப்பு வந்தது. அவருக்கு அதில் விருப்பமே இல்லை. ஆனாலும் போனார்.

1953 பிப்ரவரி 16 அன்று வட கொரியாவில் குண்டு வீசச் சென்ற அவரது பேந்தர் ஜெட் தரையிலிருந்து சுடப்பட்டது. சக்கரங்கள் இறங்கவில்லை, விமானத்தில் தீ. சுவோன் தளத்தில் வயிற்றாலேயே தரையிறக்கி, ஓடுபாதையில் நெடுந்தூரம் சறுக்கி, எரியும் விமானத்திலிருந்து குதித்து ஓடித் தப்பினார்.

மொத்தம் 39 தாக்குதல் பயணங்கள். பலவற்றில் உடன் பறந்தவர் ஜான் கிளென். 1962-ல் பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரான அதே கிளென்தான்.

1953 ஆகஸ்டில் ஆடுகளம் திரும்பிய வில்லியம்ஸ், அந்த சீசனில் ஆடிய 37 ஆட்டங்களில் 13 ஹோம் ரன் அடித்தார். ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் 521 ஹோம் ரன்கள்.