மட்சுவே நகரின் ஆங்கில ஆசிரியர்

அயல்நாட்டில் ஆசிரியராக இருந்துவிட்டுப் பயண எழுத்துக்குத் திரும்புவோர், அந்நாட்டைப் பார்த்துவிட்டுச் செல்லும் பயணியரால் எழுத இயலாத ஒன்றை எழுதுகின்றனர் என்பதற்கு லாஃப்கேடியோ ஹெர்னைவிடத் (1850–1904) தெளிவான சான்று கிடைப்பது அரிது. கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்க நாளிதழ்களில் பணியாற்றி, கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவைப் பற்றிப் பயண நூல் எழுதிய அவர், 1890 ஏப்ரலில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் வந்திறங்கியதும் பயணக் கட்டுரைகள் எழுதும் பொருட்டே. அந்த ஏற்பாடு விரைவில் முறிந்துபோக, ஷிஞ்சி ஏரிக்கரையில் அமைந்த மட்சுவே நகரில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார்.

நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் அவர் அங்குக் கற்பித்த காலம் ஓராண்டுக்குச் சற்றே மிகுதி எனினும், அவருடைய எழுத்து முழுவதையும் மாற்றிய காலம் அதுவே. பயணி தானாகக் கேள்விகளைத் தேடிக் கேட்க வேண்டியிருக்க, ஆசிரியரின் வீட்டுக்கோ மாணவர்கள் தாமே வந்து, தம் வீட்டு வழிபாடுகளையும் ஊர் நம்பிக்கைகளையும் உரையாடலின் இயல்பான போக்கில் சொல்லிச் சென்றனர். போர்மறவர் குலமாகிய சாமுராய் மரபில் வந்த கொய்சுமி செட்சுவை அவர் மணந்துகொண்டதும் அவ்வூரில்தான். பிற்காலத்தில் அவர் எழுதிய பேய்க்கதைகள் பலவற்றுக்கு அவ்வம்மையார் சொன்ன கதைகளே மூலமாயின.

குளிர் உடலுக்கு ஒவ்வாமையால் 1891 நவம்பரில் தெற்கிலுள்ள குமமோட்டோவுக்கு மாறிய ஹெர்ன், படைவீடு அமைந்த அந்நகரை விரும்பவில்லை. எனினும், மட்சுவேயைப் பற்றிப் பெரிதும் பேசுகின்ற, 1894-இல் இரு தொகுதிகளாக வெளிவந்த ‘கிளிம்ப்ஸஸ் ஆஃப் அன்ஃபெமிலியர் ஜப்பான்’ என்னும் நூலின் பெரும்பகுதி உருப்பெற்றது அங்கேதான். அதில் ஆங்கில ஆசிரியர் ஒருவரின் நாட்குறிப்பாக அமைந்த இயல், மாணவர் எழுதிய கட்டுரைகளையும் அவர்களுள் சிலரின் அகால மரணத்தையும் பதிவு செய்வதால், கோயில்களையும் திருவிழாக்களையும் வருணிக்கும் பிற இயல்களைவிட ஆழமானது எனலாம். பிரிந்த ஊரின்மீது கொண்ட ஏக்கம் அந்நூலின் மட்சுவேயை உண்மையினும் அழகாக்கியிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெயரும் குரலும் உடைய மாணவர்கள் அதில் இருப்பதால், அழகு மட்டுமே எஞ்சிய வெற்றுச் சித்திரமாக அது மாறிவிடவில்லை.

கோபே நகரில் சிறிது காலம் இதழாளராக இருந்து, 1896-இல் கொய்சுமி யகுமோ என்னும் பெயருடன் ஜப்பானியக் குடியுரிமை பெற்ற அவர், அவ்வாண்டிலேயே டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கி, 1903 வரை அப்பணியில் இருந்தவாறே நூல்களையும் தொடர்ந்து எழுதினார். முன்கூட்டி எழுதி வைக்காமல் அவர் நிகழ்த்திய வகுப்புரைகளைச் சொல் விடாமல் குறித்துக்கொண்டவர்கள் மாணவர்களே. அக்குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்ட உரைகள், அவர் மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1915-இல் நியூயார்க்கில் நூலாக வெளிவந்தன.